எபாக்ஸில காந்த நானோ துகள் கலந்தா ஒட்டு ஏன் பலவீனமாகுது? ஃபைபர் படகு வேலைக்கு முயற்சி பண்றேன், தெரிஞ்சவங்க சொல்லுங்க

பாம்பன்_தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். நான் எம்எஸ்சி வேதியியல் ரெண்டாம் வருசம், ஊரு பாம்பன். அப்பா கரையில ஃபைபர் படகு ஒட்டுற பட்டறை வச்சிருக்காரு, சின்ன வயசுலேர்ந்து ரெசின் வாடையிலயே வளர்ந்தவன் நான். தடைக்காலத்துல, ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும், விசைப்படகெல்லாம் கரையேத்திருவாங்க, வெயிலும் நல்லா இருக்கும், அப்ப ஒட்டுறது ஒரு பிரச்சினையே இல்ல. ஆனா வாடைக் காத்து தொடங்கி மழை பிடிச்சிருச்சுன்னா நாட்டுப்படகுக்காரங்க ஓட்டை விழுந்த வல்லத்த இழுத்துட்டு வந்து "நாளைக்கே தொழிலுக்குப் போகணும்ணே"னு நிப்பாங்க, ஒட்டு இறுகவே இறுகாது, ஹாலோஜன் பல்பு கட்டித் தொங்கவிட்டா மேல்தோல் மட்டும் சூடாகுது, உள்ள பிசுபிசுன்னே கிடக்கும். இத வருசா வருசம் பாத்துட்டு இருக்கேன்.

அதான் ப்ராஜெக்ட்டுக்கு இத எடுத்தேன். ஒட்டுற பசைக்குள்ள மேக்னடைட் (காந்தத்துல ஒட்டுற இரும்பு ஆக்சைடு) நானோ துகள கலந்துட்டு வெளிய ஒரு காயில் வச்சு மின்காந்தப் புலம் குடுத்தா பசை உள்ளேர்ந்தே சூடாகும், கூடவே துகள் இருக்குறதால பலமும் கூடும்னு நினைச்சேன்.

பண்ணது இதுதான். ஃபெரிக் குளோரைடும் ஃபெரஸ் குளோரைடும் 2க்கு 1 மோல் கணக்குல தண்ணில கரைச்சு, நைட்ரஜன் விட்டுக்கிட்டே 80 டிகிரில அம்மோனியா ஊத்தினேன், கருப்பா படிஞ்சது, காந்தத்த வச்சு இழுத்து கழுவி, ஓவன்ல காயவச்சு, உரல்ல பொடிச்சு வச்சுக்கிட்டேன். எக்ஸ்ஆர்டில (எக்ஸ்ரே விட்டு படிகத்த அளக்குறது) 35.5 டிகிரி பீக்க வச்சு கணக்குப் போட்டா 10 நானோமீட்டர் பக்கம் வருது. அத எல்ஒய் 556 எபாக்ஸில எடைக்கு 5 சதவீதம் போட்டு நல்லா கலக்கி எச்ஒய் 951 ஹார்டனர் (எபாக்ஸிய இறுக வைக்குறது) நூத்துக்குப் பத்து சேர்த்து அலுமினியப் பட்டை ரெண்ட ஒட்டி இழுத்துப் பாத்தேன். வெறும் எபாக்ஸிய விட சீக்கிரமா பிச்சுக்கிட்டு வந்துருச்சு! உடைஞ்ச இடத்துல கண்ணுக்கே தெரியுற மாதிரி கருப்புக் கட்டி.

சரி மேற்பூச்சு இல்லாததுதான் காரணம்னு ஒலியிக் ஆசிட் பூசிப் பாத்தேன். ஹெக்சேன்ல போட்டா அவ்ளோ அழகா, காப்பித் தண்ணி மாதிரி, நாள் கணக்குல படியாம நின்னுச்சு, சந்தோசம் தாங்கல. அதையே எபாக்ஸில போட்டு ஹெக்சேன வெளியேத்தினா மறுபடியும் கட்டி, ஒட்டு இன்னும் மோசம். எங்க தப்பு பண்றேன்னு புரியல. துகள் அளவா, சதவீதமா, பூச்சா? கைட் வேற ஃபீல்டு, அவர்கிட்ட கேட்டா பேப்பர் படிங்கனு சொல்றாரு. மார்ச்சுல முடிக்கணும்.

---

காரைக்குடி_ஆராய்ச்சி_அக்கா:

தம்பி, நீ பண்ணதுல துகள் தயாரிப்பு சரி, அளவும் சரி. தப்பு மூணு இடத்துல இருக்கு, ஆனா மூணுக்கும் வேர் ஒண்ணுதான், துகளோட மேற்பரப்ப நீ ரெசினோட கண்ணால பாக்கல. கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுமையா படி.

மொதல்ல ஓவன். பூச்சு இல்லாத ஈரத் துகள காயவச்சேல்ல, அப்பவே விளையாட்டு முடிஞ்சுபோச்சு. தண்ணி வெளிய போகப் போக துகள்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி மேல இருக்குற ஹைட்ராக்சில் எல்லாம் பிணைஞ்சு கல்லு மாதிரி ஆயிரும், அப்புறம் உரல்ல இடிச்சா உனக்குக் கிடைக்குறது மைக்ரான் அளவு கட்டிதான். எக்ஸ்ஆர்டி 10 நானோமீட்டர்னு காட்டும், ஏன்னா அது பாக்குறது படிகத்தோட அளவ, கட்டியோட அளவ இல்ல. இதுல நிறைய பேரு ஏமாந்து போறாங்க. அதனால துகள எந்தக் கட்டத்துலயும் காயவிடாத. தண்ணிலேர்ந்து எத்தனாலுக்கு மாத்து, எத்தனால்லயே பூச்சு போடு, அங்கேர்ந்து அசிட்டோனுக்கு மாத்து, அசிட்டோன்லேர்ந்து நேரா ரெசினுக்குள்ள. கடைசி வரைக்கும் ஈரமாவே இருக்கணும்.

ரெண்டாவது ஒலியிக் ஆசிட். இதுதான் முக்கியம். ஒலியிக் ஆசிட்டோட தலை இரும்பு ஆக்சைட பிடிச்சுக்கும், வால் 18 கார்பன் நீளக் கொழுப்பு வால். அந்த வாலுக்குப் பிடிச்ச இடம் ஹெக்சேன், டொலுவீன், மண்ணெண்ணெய். 1963ல நாசாவுல ஸ்டீவ் பாபெல் காந்தத் திரவம் பண்ணாரே, அவரு மேக்னடைட்ட மண்ணெண்ணெயில ஒலியிக் ஆசிட் சேர்த்து அரைச்சுத்தான் பண்ணாரு, அங்க அது பொருந்துச்சு. எபாக்ஸி அப்படி இல்ல, ஆக்சிஜனும் வளையமுமா போலார் (மின்முனை உள்ள) ஆன ஆளு. கொழுப்பு வால் அதுல நிக்காது, துகளெல்லாம் ஒதுங்கி ஒண்ணாக் கூடிரும். அதுக்கு மேல அந்த வால்ல எபாக்ஸியோட வினை புரியுற மாதிரி ஒண்ணுமே இல்ல, துகளைச் சுத்தி எண்ண தடவின மாதிரிதான், இழுத்தா வழுக்கிட்டு வந்துரும். ஒட்டு இன்னும் மோசமானதுக்குக் காரணம் அது.

உனக்கு ஒரு விசயம் சொல்லட்டா? இதுக்கு விடை உங்கப்பா பட்டறையிலயே இருக்கு. கண்ணாடி இழை மேட் வாங்குறாங்கல்ல, அந்த இழை ஒவ்வொண்ணு மேலயும் கம்பெனியிலயே சிலேன்ங்குற சிலிக்கான் சேர்மம் பூசித்தான் வருது. கண்ணாடி தண்ணிய விரும்புறது, ரெசின் தண்ணிய வெறுக்குறது, ரெண்டையும் கையப் பிடிச்சு சேர்த்து வைக்குறது அந்த சிலேன். ஒரு முனை கண்ணாடியோட, மறுமுனை ரெசினோட. அது இல்லாத கண்ணாடியில படகு கட்டினா தண்ணில கொஞ்ச நாள் கிடந்தாலே இழையும் ரெசினும் பிரிஞ்சுரும். உன் துகளுக்கும் அதே வேலையத்தான் நீ செய்யணும்.

எபாக்ஸிக்கு ரெண்டு சிலேன் இருக்கு. ஒண்ணு ஏபிடெஸ், முனையில அமீன் இருக்கும், எபாக்ஸி வளையத்த நேரா திறந்து பிணையும். இன்னொண்ணு கிளைசிடாக்சி சிலேன், ஜிபிடிஎம்எஸ்னு விக்கிறாங்க, முனையில எபாக்ஸி வளையமே இருக்கும், ஹார்டனர் வந்தப்புறம் அதோட பிணையும். நான் உன் இடத்துல இருந்தா ரெண்டாவத எடுப்பேன், ஏன்னா ஏபிடெஸ் பூசின துகள ரெசின்ல கலந்து வச்சா வச்ச இடத்துலயே மெதுவா வினை நடந்து கெட்டியாகத் தொடங்கிரும், ஜிபிடிஎம்எஸ் அப்படி இல்ல, ஹார்டனர் சேர்க்குற வரைக்கும் சும்மா இருக்கும், பட்டறைக்கு அதான் தோது.

எவ்ளோ போடணும்னா, 10 நானோமீட்டர் மேக்னடைட் ஒரு கிராம் எடுத்தா அதோட மேற்பரப்பு சுமார் 116 சதுர மீட்டர் (6ஐ அடர்த்தி, விட்டம் ரெண்டாலயும் வகுத்துப் பாரு). ஒரு கிராம் ஜிபிடிஎம்எஸ் சுமார் 330 சதுர மீட்டர மூடும். அப்ப துகள் கிராமுக்கு 0.35 கிராம் சிலேன் போதும், சேதாரத்துக்குக் கொஞ்சம் கூட. நிறைய பேரு பயந்துகிட்டு அஞ்சு பங்கு பத்து பங்குன்னு ஊத்துவாங்க, அது தனக்குத்தானே பிணைஞ்சு துகள் மேல தடிச்ச பஞ்சு மாதிரி உக்காந்துரும், அந்தப் பஞ்சுலதான் ஒட்டு கிழியும். தண்ணியும் அளவா, எத்தனால் 95க்கு தண்ணி 5, அசிட்டிக் ஆசிட் சொட்டு விட்டு பிஎச் 5 பக்கம் வச்சு சிலேன கொஞ்ச நேரம் திறக்க விட்டு அப்புறம் துகள்ல சேர்த்து 60 டிகிரில சில மணி நேரம் கலக்கு. சிலேன் பாட்டில திறந்தா உடனே மூடு, நம்ம கடற்கரைக் காத்துல இருக்குற ஈரத்துக்கே அது கெட்டுப் போகும், முடிஞ்சா நைட்ரஜன் ஊதி மூடி வை.

மூணாவது 5 சதவீதம். எடைக்கு 5 சதவீதம்னா கனஅளவுல சுமார் 1.1தான், கேக்க கம்மியா இருக்கும், ஆனா பரப்பு கணக்குல பாத்தா 100 கிராம் கலவைக்குள்ள 580 சதுர மீட்டர் புது எல்லைய நுழைக்குற, அந்த எல்லை முழுக்க கெட்ட ஒட்டுன்னா பலம் எங்கேர்ந்து வரும். 0.5, 1, 2ன்னு போயிப் பாரு. பலத்துக்கு மட்டும்னா ஒண்ணுக்குக் கீழயே முடிஞ்சுரும்னுதான் என் எண்ணம்.

---

மண்டபம்_ஃபைபர்காரர்:

தம்பி நான் படிச்சவன் இல்ல, 22 வருசமா படகு ஒட்டுறேன், அக்கா சொன்ன மேட் விசயம் நூத்துக்கு நூறு உண்மை. மழை நனைஞ்ச மேட்ட காயவச்சு ஒட்டினாலும் அது பழைய பிடிப்பு பிடிக்காது, வெள்ளை வெள்ளையா நிக்கும், எங்க ஆளுங்களுக்கு அது ஏன்னு தெரியாது ஆனா தூக்கிப் போட்ருவோம்.

நான் சொல்ல வந்தது வேற. உன் ரெசின் கருப்பாயிருச்சுல்ல? அது பெரிய தொந்தரவு. நாங்க ஒட்டும்போது கண்ணாலதான் வேலை பாக்குறோம், ரெசின் கண்ணாடி மாதிரி இருக்குறதாலதான் மேட்டுக்குள்ள காத்து நிக்குதா, எங்க ரெசின் குடிக்கலனு வெள்ளையா தெரியும், அங்க ரோலர ஓட்டுவோம். கருப்பு ரெசின்ல அது ஒண்ணும் தெரியாது, குருட்டு வேலையாப் போயிரும். அதனால மேட்டுல ஊத்துற ரெசின்ல இத கலக்காத, அடியில ஒரு பூச்சா, ஒட்டுப் பட்டையா மட்டும் வச்சுக்க, மேல வர்ற மேட்டுக்கு சாதா ரெசின்.

அடுத்தது, நம்ம பக்கம் படகெல்லாம் பாலியஸ்டர் ரெசின். பாலியஸ்டர் மேல எபாக்ஸி பிடிக்கும், ஆனா இறுகின எபாக்ஸி மேல திரும்ப பாலியஸ்டரோ ஜெல் கோட்டோ (படகோட வெளிப் பளபளப்புப் பூச்சு) போட்டா சரியா பிடிக்காது, உரிஞ்சு வந்துரும். நீ எபாக்ஸியில ஒட்டிட்டுப் போயிட்டா அடுத்த வருசம் அதே இடத்துல வேற பட்டறைக்காரன் பாலியஸ்டர் போடுவான், அவனுக்குத் தெரியாது. அதையும் யோசிச்சுக்க.

இன்னொண்ணு, துகள கழுவினேன்னு சொன்ன, எந்தத் தண்ணில கழுவின? எதுக்கு கேக்குறேன்னா படகு அடியில நீர்க்கொப்புளம் வர்றது பாத்திருப்ப, ஜெல் கோட்டுக்கு அடியில அம்மை போட்ட மாதிரி. உடைச்சா புளிச்ச வாடையில தண்ணி வரும். உப்பு கைபட்ட மேட்டு, வேர்வை சொட்டின இடம், அங்கதான் முதல்ல வரும். ஒரு இன்ஜினியர் தம்பி சொன்னாரு, உள்ள கரையுற பொருள் எது மாட்டினாலும் அது வெளித் தண்ணிய இழுத்துக்கிட்டே இருக்கும்னு. குளோரைடுல பண்ண பொடின்னா உப்பு இருக்குமே?

---

காரைக்குடி_ஆராய்ச்சி_அக்கா:

அண்ணே, நீங்க படிச்சவர் இல்லைன்னு சொல்லாதீங்க, நான் எழுத மறந்தத நீங்க எழுதிட்டீங்க. சவ்வூடு பரவல்தான் அது. ரெசின் தண்ணிய மெதுவா விடும், உப்ப விடாது, உள்ள உப்பு இருந்தா தண்ணி வந்து சேர்ந்துகிட்டே இருக்கும், அழுத்தம் ஏறிக் கொப்புளமாகும்.

தம்பி, அம்மோனியாவும் குளோரைடும் சேர்ந்தா அம்மோனியம் குளோரைடு நிறைய உண்டாகும், துகள் கட்டிக்குள்ள மாட்டிக்கும். டிஸ்டில்டு தண்ணில மட்டும் கழுவு, ராமேஸ்வரம் தீவுல கிணத்துத் தண்ணி எப்படி இருக்கும்னு உனக்கே தெரியும். கழுவின தண்ணிய கொஞ்சம் எடுத்து நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு, சில்வர் நைட்ரேட் ரெண்டு சொட்டு விட்டுப் பாரு, பால் மாதிரி கலங்கினா இன்னும் குளோரைடு இருக்கு. கலங்காத வரைக்கும் கழுவணும். வேற ஊர்ல எவனோ பண்ற எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு இது அவ்ளோ முக்கியமில்ல, கடல்ல மிதக்கப் போற ஒட்டுக்கு இது உயிர்.

---

பாம்பன்_தம்பி:

அக்கா, அண்ணே, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அண்ணே கேட்டது சரி, நான் கடைசி கழுவலுக்கு மட்டும்தான் டிஸ்டில்டு தண்ணி, முன்னாடி ரெண்டு தடவை குழாய்த் தண்ணிதான். காந்தம் வச்சு இழுக்கும்போது துகள் போகாதேனு நினைச்சுக்கிட்டேன், உப்பு பத்தி யோசிக்கவே இல்ல.

ரெண்டு சந்தேகம். ஒண்ணு, இது காந்தத் துகளாச்சே, தனக்குத்தானே இழுத்துக்கிட்டு கட்டிப் படாதா, சிலேன் எவ்ளோ மெல்லிசு, அது தடுக்குமா? ரெண்டு, அண்ணே சொன்ன மாதிரி பாலியஸ்டர்லயே பண்ணணும்னா எந்த சிலேன்? அப்பாவும் அதையேதான் கேக்குறாரு, எபாக்ஸி விலை கட்டாதுங்குறாரு.

அப்புறம் சூடேத்துறதுக்கு வீட்டு இண்டக்ஷன் அடுப்பு மேல வச்சுப் பாத்தேன், துளி கூட சூடாகல. அது ஏன்?

---

கீழக்கரை_ஷார்ஜா:

தம்பி நான் கீழக்கரை, இப்ப ஷார்ஜாவுல காம்போசிட் படகு தயாரிக்கிற எடத்துல 9 வருசமா குவாலிட்டில இருக்கேன். நீ கேட்டதுல கடைசிலேர்ந்து வர்றேன்.

இண்டக்ஷன் அடுப்புல இரும்புச் சட்டி சூடாகுறது முக்கியமா சட்டிக்குள்ள சுழல் மின்னோட்டம் ஓடுறதால. அதுக்கு அகலமான உலோகம் வேணும். உன் துகள் 10 நானோமீட்டர், அதுக்குள்ள சுழல் மின்னோட்டம் ஓட இடமே கிடையாது. அதுல சூடு வர்ற வழி வேற, வெளிப் புலம் திசை மாறும்போதெல்லாம் துகளோட காந்தத் திசையும் புரண்டு புரண்டு திரும்பணும், அப்படித் திரும்புறப்ப பின்தங்குற அந்தத் தாமதம்தான் சூடா வெளிய வருது. அடுப்பு ஓடுறது 20லேர்ந்து 50 கிலோஹெர்ட்ஸ் பக்கம். 10 நானோமீட்டர் துகளோட காந்தத் திசை அத விட வெகு வேகமா தானாவே புரளும், அதனால பின்தங்கவே பின்தங்காது, சூடும் வராது. இந்த மாதிரி துகளுக்கு நூத்துக்கணக்குல கிலோஹெர்ட்ஸ் குடுப்பாங்க, துகளும் 13லேர்ந்து 16 நானோமீட்டர் பக்கம் இருந்தா நல்லா சூடாகும்.

ஆனா பெருசாக்கினா உன் முதல் சந்தேகம் வந்து நிக்கும். ரெண்டு துகள் தொட்டுக்கிட்டு இருக்கும்போது காந்த இழுப்போட ஆற்றல் விட்டத்தோட முப்படியா ஏறும், 10லேர்ந்து 15க்குப் போனா மூணு மடங்குக்கு மேல. 10 நானோமீட்டர்ல அந்த இழுப்பு அறை வெப்பத்தோட ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட ஈடாத்தான் இருக்கும், அதனால வெப்பமே பிரிச்சுவிடும், நிரந்தரக் காந்தமாவும் அது இருக்காது, புலத்த எடுத்துட்டா சும்மா ஆயிரும். பூச்சோட வேலை தூரம் உண்டாக்குறது. ஒவ்வொரு துகளுக்கும் 2 நானோமீட்டர் பூச்சு இருந்தா மையத்துக்கு மையம் 10 இருந்தது 14 ஆகுது, இழுப்பு மூணுல ஒரு பங்கு பக்கம் இறங்கிரும். வெறும் ஒரு அடுக்கு சிலேன் அத விட மெல்லிசு, அதனால 15 நானோமீட்டர் துகள்னா முதல்ல சிலிக்கா ஓடு ஒண்ணு போட்டுட்டு (சிலிக்கா தர்ற டிஇஓஎஸ் திரவம், அம்மோனியா, எத்தனால், ஸ்டோபர்னு ஒரு விஞ்ஞானி 1968ல சொன்ன வழியேதான்) அது மேல சிலேன் போடு. இதுல இன்னொரு லாபம், சிலேன் இரும்பு ஆக்சைட பிடிக்குற பிடிப்பு தண்ணில மெதுவா விட்டுப் போகும், சிலிக்காவ பிடிக்குற பிடிப்பு அத விட உறுதி. கடலுக்குன்னா சிலிக்கா ஓடு போட்டதுதான் எனக்கு நம்பிக்கை. நட்டம் என்னன்னா ஓட்டுல காந்தம் கிடையாது, கிராமுக்குக் கிடைக்குற காந்தம் குறையும், ஓட்ட தடிமனா போட்டுட்டா சூடும் வராது. 2, 3 நானோமீட்டரோட நிறுத்து.

இன்னொன்னு கவனி, ரெசின் இறுகுறதுக்கு முன்னாடி துகள் முழுசா உருண்டும் சூடு குடுக்கும், இறுகினப்புறம் உருள முடியாது, உள்ள காந்தத் திசை மட்டும்தான் புரளும். அதனால ஆரம்பத்துல வந்த சூடு நடுவுல மாறும், வெப்பநிலைய அளந்துகிட்டே புலத்த குடு. மேக்னடைட் சூடேறுறது தானா நிக்காது, அதோட கியூரி வெப்பநிலை (காந்தத்தன்மை போயிடுற சூடு) 585 டிகிரி, அதுக்கு எத்தனையோ முன்னாடி ரெசின் கருகிரும். மாங்கனீசு துத்தநாக ஃபெரைட்டுல அந்தக் கியூரி வெப்பநிலைய கீழ கொண்டு வரலாம், குறிப்பிட்ட சூட்டுக்கு மேல தானா அடங்கிரும், உன் அடுத்த ப்ராஜெக்ட்டுக்கு வச்சுக்க.

பாலியஸ்டருக்கு மெத்தாக்ரிலாக்சி சிலேன், எம்பிஎஸ்னு சொல்வாங்க. முனையில இரட்டைப் பிணைப்பு இருக்கு, ரெசின்ல இருக்குற ஸ்டைரீனோட சேர்ந்தே சங்கிலியில கோர்த்துக்கும். ஆனா இரும்புத் துகள் பெராக்சைட் கேட்டலிஸ்ட்டோட வினை புரியும், ஜெல் ஆகுற நேரம் மாறலாம், அதனால 50 கிராம் கப்புல போட்டு நேரம் பாத்துட்டு பெருசா பண்ணு. கேட்டலிஸ்ட்டையும் ஆக்ஸிலரேட்டரையும் நேரா கலக்கக் கூடாதுன்னு உங்கப்பாவுக்குத் தெரியும், லேப்ல கூட இருக்குற பசங்களுக்கு நீ சொல்லிரு, தீப்பிடிக்கும். ஸ்டைரீன் ஆவி இருக்குற எடத்துல காயில் தீப்பொறி வந்தாலும் அதே கதைதான், காத்தோட்டமா வை.

---

மண்டபம்_ஃபைபர்காரர்:

ஷார்ஜா தம்பி நல்லா சொன்னாரு. இத மட்டும் சேர்த்துக்கறேன், அலுமினியத்துல ஒட்டி இழுத்துப் பாத்தேன்னு சொன்னியே, அலுமினியத்துல யாரு படகு கட்டுறா இங்க. பழைய படகுலேர்ந்து வெட்டின ஃபைபர் துண்டு எங்கிட்ட கிடக்கு, 5 வருசம் தென்கடல்ல (மன்னார் வளைகுடாவுல) ஓடினது. வந்து எடுத்துக்க. புது ஃபைபர்ல ஒட்டுறது வேற, உப்பும் டீசலும் குடிச்ச பழைய ஃபைபர்ல ஒட்டுறது வேற. தேச்சு, நல்ல தண்ணி ஊத்திக் கழுவி, ரெண்டு நாள் காயவச்சு, அப்புறம் ஒட்டிப் பாரு.

தேய்க்கும்போது மாஸ்க் போடு. அந்தக் கருப்புப் பொடி கலந்தத கடற்கரையில கிரைண்டிங் போடாத தம்பி, தார்ப்பாய் விரிச்சு கூட்டி அள்ளிரு. தீவு தீவா இருக்குற கடல் அது, பாசி எடுக்குற பொம்பளைங்க கழுத்தளவு தண்ணில அங்கதான் நிக்குறாங்க.

---

காரைக்குடி_ஆராய்ச்சி_அக்கா:

சோதனைக்கு ஏஎஸ்டிஎம் (அமெரிக்க சோதனைத் தரம்) டி5868னு ஃபைபர் ஒட்டுக்குன்னே ஒரு முறை இருக்கு, அத எடு, வைவால கேள்வி வராது. அஞ்சு துண்டு காஞ்சது, அஞ்சு துண்டு கடல் தண்ணில ஒரு மாசம் ஊறினது, ரெண்டையும் இழு. ஊறினதுலதான் பூச்சோட உண்மை தெரியும். மண்டபம் கேம்ப்ல சிக்ரியோட (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) அரிப்புச் சோதனை நிலையம் இருக்கு, உன் துறை மூலமா கடிதம் குடுத்துக் கேட்டுப் பாரு.

பூச்சு உக்காந்துச்சான்னு பாக்க எஃப்டிஐஆர்ல (அகச்சிவப்பு ஒளி வச்சு பிணைப்பப் பாக்குறது) 1000லேர்ந்து 1100க்குள்ள சிலிக்கான் ஆக்சிஜன் பட்டை, 580 பக்கம் இரும்பு ஆக்சிஜன் பட்டை. ஒலியிக் ஆசிட் மிச்சம் இருக்கான்னு 2920, 2850ல பாரு, 1710ல பீக் இருந்தா கழுவாத ஆசிட் சும்மா கிடக்குதுன்னு அர்த்தம். டிஜிஏவ (சூடேத்திக்கிட்டே எடை பாக்குற சோதனை) காத்துல ஓட்டாத, மேக்னடைட் ஆக்சிஜன் எடுத்து எடை ஏறும், முழுசா மாறினா சுமார் 3.5 சதவீதம் வரைக்கும், உன் பூச்சு கணக்கே குழம்பிரும். நைட்ரஜன்ல ஓட்டு, 600 டிகிரிக்கு மேல வர்ற இறக்கத்த நம்பாத, அங்க மிச்சக் கார்பன் மேக்னடைட்டையே குறைக்க ஆரம்பிச்சுரும்.

இதெல்லாம் கிடைக்கலைன்னா ஒண்ணு மட்டும் பண்ணு. ஹார்டனர் போடுறதுக்கு முன்னாடி ஒரு சொட்டு ரெசின ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல அமுக்கி சாதா மைக்ராஸ்கோப்ல பாரு. கருப்புப் புள்ளி தெரிஞ்சா அந்தக் கலவைய வச்சு ஒட்டாத, திரும்ப அசிட்டோன்ல போட்டு ப்ரோப் சோனிகேட்டர்ல (ஒலி அலையால கட்டிய உடைக்குற கருவி), ஐஸ்ல வச்சு, விட்டு விட்டு ஓட்டு. அசிட்டோன கடைசியில வேக்குவம்ல முழுசா எடுத்துரு, கொஞ்சம் மிஞ்சினாலும் ரெசின் மெதுவாகிப் போகும்.

---

பாம்பன்_தம்பி:

ஆறு வாரம் ஆச்சு, எழுதாம இருந்ததுக்கு மன்னிச்சுக்கங்க, நடுவுல புயல் சின்னம்னு காலேஜும் லீவு, கரையில படகு ஏத்துற வேலையும் இருந்துச்சு.

சில்வர் நைட்ரேட் சோதனைல எட்டாவது கழுவல்லதான் கலங்காம நின்னுச்சு. எட்டு! நான் முன்னாடி மூணு தடவைதான் கழுவியிருந்தேன். காயவைக்காம எத்தனால்லயே வச்சு ஜிபிடிஎம்எஸ் பூசினேன், 0.4 கிராம் கணக்கு. மைக்ராஸ்கோப்ல பாத்தா தேன் மாதிரி பழுப்பா ஒரே சீரா இருக்கு, ஒரு சொட்டுல ரெண்டு மூணு புள்ளிதான். மண்டபம் அண்ணன் குடுத்த பழைய ஃபைபர்ல ஒட்டி இழுத்தேன், 1 சதவீதம் போட்டது வெறும் எபாக்ஸிய விட பலமா நிக்குது, அஞ்சுல நாலு துண்டு ஒட்டுல விடாம பழைய ஃபைபரோட மேல்தோல் கிழிஞ்சு வந்துருச்சு. 5 சதவீதம் இன்னும் வெறும் எபாக்ஸிக்குக் கீழதான், அக்கா சொன்னது சரி.

கடல் தண்ணில ஊறப் போட்ட துண்டு இன்னும் எடுக்கல, தை கடைசில எடுப்பேன். வடகடல்லயும் (பாக் விரிகுடா) தென்கடல்லயும் தனித்தனியா கயிறு கட்டி இறக்கியிருக்கேன், அப்பா தினமும் போயி கயிறு இருக்கான்னு பாத்துட்டு வர்றாரு.

சூடேத்துற வேலைக்கு 1 சதவீதம் பத்தல, 10 நானோமீட்டரும் பத்தல. 15க்குப் போயி சிலிக்கா ஓடு போடப் போறேன். டிஇஓஎஸ் எவ்ளோ போட்டா 2 நானோமீட்டர் ஓடு வரும்னு கணக்குப் போட்டு வச்சிருக்கேன், நாளைக்கு எழுதுறேன், ஷார்ஜா அண்ணன் ஒரு தடவை பாத்து சரியான்னு சொல்லுங்க.